இடது கால் சப்பாத்து

காலை ஆறு ஐம்பதுக்குச் சிவகணேசனின் கார் வாசலில் வந்து நின்றது. ஏழு மணிக்கு வருவதாகத்தான் பேச்சு.

கனகசுந்தரத்துக்கு அந்தப் பத்து நிமிடம் பிடிக்கவில்லை.

மனைவி செல்லப்பாக்கியம் போர்ச்சில் உயரமான நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். காலில் சப்பாத்து. மடியில் எக்ஸ்ரே உறை. வலது இடுப்பு மூட்டை மாற்றி மூன்று மாதம் ஆகிறது. வலி போய்விட்டது. ஆனால் வலது கால் நீண்டுவிட்டது போல இருக்கிறது என்று மருத்துவமனையிலிருந்து வந்த வாரமே சொன்னாள். வீட்டுக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தாள்.

கனகசுந்தரம் நில அளவை இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளும் பழக்கம் இல்லை. மனைவியைக் கட்டிலில் நேராகப் படுக்கவைத்து, இரண்டு காலையும் டேப்பால் அளந்தார். வலது கால் நீளம்தான். போன மாதம் அந்த டேப்போடு டாக்டர் அறைக்குள் போய்ச் சண்டை போட்டார். தாதிகள் எட்டிப் பார்த்தார்கள்.

அதனால் இந்த மாதம் அவர் வரவேண்டாம் என்று முடிவாகியிருந்தது. முடிவு செய்தது மகள் பிரேமளா, சிங்கப்பூரிலிருந்து.

"எனக்கு லீவு கிடைக்கலப்பா. சிவகணேசன் அங்கிள் அம்மாவைக் கூட்டிட்டுப் போவாரு. நான் பேசிட்டேன். நீங்க வீட்ல இருங்க, ப்ளீஸ்."

அவர் சரி என்றார். இப்போது இஸ்திரி போட்ட சட்டையோடு கிரில் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் செல்லப்பாக்கியம்.

"ஜொகூர் பாருவுக்கு, ஆஸ்பத்திரிக்குத்தான்."

"பிரேமளா சொன்னா இல்ல?"

"அவ எனக்கு மகளா, அம்மாவா?"

சிவகணேசன் காரிலிருந்து இறங்கி வந்தார். ரயில்வேயில் இருந்தவர். மனைவியை இழந்தவர். இரண்டு தெரு தள்ளி வீடு. இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கும் அதே மருத்துவமனையில், அதே டாக்டர், அதே இடுப்பு. இப்போது எழுபது வயதில் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி நடக்கிறார்.

"வாங்க சுந்தரம். மூணு பேரா போனா பேச்சுத் துணையா இருக்கும்."

"உங்க ரெண்டு பேருக்கும் பேச்சுக்குத் துணை வேறயா?"

சிவகணேசன் சிரித்தார். செல்லப்பாக்கியம் சிரிக்கவில்லை. கனகசுந்தரம் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் அவள் காரில் ஏறியிருந்தாள். முன் சீட்டில்.

முன் சீட்டில்தான் உட்கார முடியும். இடுப்பு ரொம்ப மடங்கக்கூடாது. சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, அடியில் ஒரு மெத்தையும் போட்டிருந்தது. மெத்தை சிவகணேசனுடையது. நீல நிற உறை, துவைத்து மடிப்புக் கலையாமல் இருந்தது.

பின்னால் கனகசுந்தரத்துக்கு மிஞ்சியது ஒரு சாண் இடம். முட்டி இரண்டும் மனைவியின் சீட்டில் இடித்தன. எதிரே அவள் கொண்டை தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் சிவகணேசனின் வழுக்கை.

ஹைவேக்குப் போகாமல் கார் ரெங்கம் சாலையில் திரும்பியது.

"ஏன் இந்த வழி?"

"பழைய வழில நிறுத்தி நிறுத்திப் போலாம், சுந்தரம். பாக்கியத்துக்கு ரொம்ப நேரம் ஒரேயடியா உக்காரக்கூடாது."

பாக்கியம். மூன்று மாதத்துக்கு முன்புவரை, பள்ளியில் வேலை பார்த்த அவள் சிவகணேசனின் வாயில் 'டீச்சர்'தான். கோயிலில் பார்த்தாலும் டீச்சர், பசாரில் பார்த்தாலும் டீச்சர். ஆபரேஷனுக்கு அப்புறம் பெயர் வந்துவிட்டது. எந்த நாளில் மாறியது என்று கனகசுந்தரம் யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை.

சாலையின் இரு பக்கமும் செம்பனைத் தோட்டங்கள். விளக்கைப் போட்டுக்கொண்டு லாரிகள் எதிரே வந்தன.

"தூங்கும்போது காலுக்கு நடுவுல தலகாணி இன்னும் வைக்கிறீங்களா?" என்றார் சிவகணேசன்.

"வைக்கிறேன். ராத்திரி எப்பவாச்சும் நழுவிடுது."

"எனக்கும் நழுவும். துண்டை வச்சுக் கட்டிக்குவேன்."

"அலமாக்! கட்டிக்கிட்டு எப்படித் திரும்புவீங்க?"

"எங்க திரும்புறது? பொணம் மாதிரி கிடப்பேன் லா. காலைல வேலைக்காரப் பொண்ணு வந்து பார்த்துட்டு, அங்கிள் போயிட்டாருன்னு கத்திட்டா."

செல்லப்பாக்கியம் சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்க. மூன்று மாதமாகப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறார் கனகசுந்தரம். தலையணை நழுவுவது அவருக்குத் தெரியாது.

"எனக்குக்கூட முட்டி வலிக்குது," என்றார்.

"மழைக்கு இருக்கும்," என்றார் சிவகணேசன், சாலையைப் பார்த்தபடி.

பிறகு அவர்கள் கழிப்பறை இருக்கையின் உயரத்தைப் பற்றிப் பேசினார்கள். சாக்ஸ் போட உதவும் கருவியைப் பற்றி, தையல் பிரித்த அன்று மயங்கி விழுந்த பயிற்சி டாக்டரைப் பற்றி. தோட்டத்துக்குள் தோட்டமாகப் போய்க்கொண்டிருந்தது பேச்சு. அதற்கு ஒரு வாசல் இருந்தது. இடுப்பை அறுத்துக்கொண்டவர்களுக்கு மட்டும் அது திறந்தது. கனகசுந்தரத்தின் இரண்டு இடுப்பும் நன்றாக இருந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக அது அவருக்குக் குறையாகப் பட்டது.

செடெனாக்கில் ஒரு சாப்பாட்டுக் கடை முன் கார் நின்றது.

பின் கதவைத் திறந்து, மரத்துப்போன காலை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைத்து கனகசுந்தரம் நிமிர்ந்தபோது அவர்கள் இருவரும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவர் நின்றுவிட்டார்.

செல்லப்பாக்கியம் நேராக நடந்தாள்.

சாயவில்லை. ஆடவில்லை. கைத்தடி மடங்கியபடி கைப்பைக்குள் இருந்தது. சிவகணேசனுக்குச் சமமாக, அவர் வேகத்துக்கே, கடைப்படியில் ஏறி உள்ளே போனாள். பின்னாலிருந்து பார்க்கிறவனுக்கு அது ஆரோக்கியமான ஒரு கணவனும் மனைவியும்.

நேற்று இரவு சமையலறையிலிருந்து ஹாலுக்கு வருவதற்குள் அவள் மூன்று இடத்தில் சுவரைப் பிடித்தாள். அது அவர் பார்த்தது. இதுவும் அவர் பார்ப்பது.

மேசைக்குப் போய் உட்கார்ந்தார். கடைக்காரர் அபூபக்கர், தோளில் துண்டோடு வந்தார்.

"அம்மாவுக்கு?"

"தே ஓ கோசோங். பாலும் வேணாம், சீனியும் வேணாம்."

"ஐயாவுக்கும் அதேவா?" என்று சிவகணேசனைக் கேட்டார். அவர் தலையாட்டினார். அபூபக்கர் கனகசுந்தரத்திடம் திரும்பினார். "உங்களுக்கு? அம்மாவுக்கு நீங்க அண்ணனா?"

சிவகணேசன் பதறினார். "ஐயோ, இவர்தான் அம்மாவோட வீட்டுக்காரர். நான் டிரைவர்."

"மன்னிச்சிக்குங்க. சேர்ந்து நடந்து வந்தாங்களா, அதான்." அபூபக்கர் துண்டால் மேசையை இன்னொரு தடவை துடைத்தார். "நான் யோசிச்சிருக்கணும், புருஷன்னா பின்னாடிதான் வருவாரு. எங்க வீட்லயும் அப்படித்தான்."

செல்லப்பாக்கியம் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கனகசுந்தரம் தேநீர் வரும்வரை பொறுத்தார்.

"நல்லா நடக்குறியே."

"வெளிய கொஞ்சம் பரவாயில்ல."

"வீட்டுக்குள்ள?"

"வீட்டுக்குள்ள ஆடுது."

"அதெப்படி? வீட்டுத் தரை மட்டும் சாய்ஞ்சு கிடக்கா? நான் மட்டம் பார்த்துப் போட்ட தரை."

அவள் தேநீரை ஆற்றினாள். சிவகணேசன் ரொட்டி சானாயைச் சின்னச் சின்னதாகப் பிய்த்தார். அதைத் தின்னவில்லை. அவருக்கு ஏதோ தெரியும். அவளுக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் தெரிந்த ஒன்று மேசைமேல் இருந்தது. அது தனக்குத் தெரியவில்லை என்பது மட்டும் கனகசுந்தரத்துக்குத் தெரிந்தது.

காலையில் அவர் கோயிலுக்குப் போகும் நேரத்தில் அவர்கள் இருவரும் தாமான் குடியிருப்பின் திடலில் நடக்கிறார்கள். அதை அவர் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். கூட வாங்க என்று ஒரு நாள் அவள் கூப்பிட்டாள். டாக்டர் தப்பை ஒத்துக்கொள்ளட்டும், அதுவரை நீ நடக்கவே கூடாது என்று அவர் சொன்னார். அவள் மறுபடி கூப்பிடவில்லை; நடப்பதையும் நிறுத்தவில்லை.

அவன் பக்கத்தில் நேர். என் பக்கத்தில் நொண்டி.

மிச்சப் பயணம் முழுவதும் அவர் எதிரே தெரிந்த கொண்டையையே பார்த்துக்கொண்டு வந்தார். அதை யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

மருத்துவமனையில் டாக்டர் அறைக் கதவைத் திறந்து தாதி கூப்பிட்டாள்.

"செல்லப்பாக்கியம் அம்மா. கூட ஒருத்தர் மட்டும் வாங்க."

இரண்டு ஆண்களும் எழுந்தார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிவகணேசன்தான் முதலில் உட்கார்ந்தார். அதுவும் கனகசுந்தரத்துக்குப் பிடிக்கவில்லை. விட்டுக்கொடுக்க அந்த இடம் அவருக்கு எப்போது கிடைத்தது?

"ரெண்டு பேரும் வரட்டும் மிஸ்ஸி," என்றாள் செல்லப்பாக்கியம். "ரெண்டு பேரும் கேக்கணும்."

டாக்டர் லோகேஸ்வரன் கனகசுந்தரத்தைப் பார்த்ததும் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"சார். டேப் இருக்கா?"

"இருக்கு."

"நல்லது. முதல்ல அம்மா படுக்கட்டும்."

தாதி குனிந்து செல்லப்பாக்கியத்தின் சப்பாத்துகளைக் கழற்றினாள். வலது கால் சப்பாத்தைக் கீழே வைத்தாள். இடது கால் சப்பாத்தைக் கையில் வைத்து ஒரு நொடி பார்த்துவிட்டு டாக்டரிடம் நீட்டினாள்.

டாக்டர் விரலை உள்ளே விட்டு, குதிகால் பக்கத்திலிருந்து தடித்த ரப்பர் அட்டை ஒன்றை எடுத்தார். ஓரங்களைக் கத்தரியால் வெட்டியது தெரிந்தது. நேர்த்தியான வெட்டு இல்லை.

"இது யாரு வச்சது?"

செல்லப்பாக்கியம் சிவகணேசனைப் பார்த்தாள்.

"நான்தான் டாக்டர்," என்றார் சிவகணேசன். "என்னோடது. ஆபரேஷன் முடிஞ்ச புதுசுல எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. சிங்கப்பூர்ல வாங்கினேன். இப்போ எனக்குத் தேவைப்படல. சைஸுக்கு வெட்டிக் குடுத்தேன்."

"உங்களுக்கே நான் இதைப் போடச் சொல்லலையே, சார்."

சிவகணேசன் தலையைக் குனிந்துகொண்டார்.

கனகசுந்தரம் அந்த அட்டையைப் பார்த்தார். குதிகால் பதிந்து பதிந்து அதில் ஒரு குழி விழுந்திருந்தது. யாருடைய குதிகால் என்று சொல்ல முடியாது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டும் பதிந்திருக்கலாம்.

வெளியே நேராக நடந்ததும் வீட்டில் ஆடியதும் இப்போது புரிந்தது. யாருக்காகவும் அவள் நடிக்கவில்லை. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும். அவ்வளவுதான். அவ்வளவு எளிதாக இருந்தும் நெஞ்சில் பாரம் இறங்கவில்லை. இன்னொருவன் காலடியில் கிடந்ததை அவள் தன் காலடியில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறாள். வாசலில், அவருடைய செருப்புக்குப் பக்கத்தில், தினமும் அது இருந்திருக்கிறது.

"சார், நீங்க எங்கேயிருந்து அளந்தீங்க?" என்றார் டாக்டர்.

"தொப்புள்லயிருந்து கணுக்கால் வரைக்கும். உடம்புக்கு அதுதானே நடுப்புள்ளி?"

"டேப்பைக் குடுங்க."

டாக்டர் செல்லப்பாக்கியத்தின் இடுப்பில் தடவி, முன்பக்கம் துருத்தும் எலும்பில் டேப்பின் முனையை வைத்தார். வலது கணுக்கால் வரை இழுத்தார். பிறகு இடது பக்கம். ஒவ்வொரு தடவையும் கனகசுந்தரத்தைக் கூப்பிட்டு எண்ணை அவரையே படிக்கச் சொன்னார்.

இரண்டும் ஒன்று.

"கால் நீளம் சரியாத்தான் இருக்கு. எக்ஸ்ரேயும் அதைத்தான் சொல்லுது. மூட்டு தேய்ஞ்சு பல வருஷம் அம்மா சாய்ஞ்சே நடந்திருக்காங்க. சதை இறுகி, இடுப்பெலும்பு சாய்ஞ்சு நிக்குது. அதனால வலது கால் நீளமாத் தெரியும். தொப்புள் எலும்புல இல்ல சார், சதைல இருக்கு. அங்கேயிருந்து அளந்தா சாய்வுதான் கிடைக்கும். காலோட நீளம் கிடைக்காது."

கனகசுந்தரம் முப்பத்து நான்கு வருடம் நிலம் அளந்தவர். எல்லைக்கல் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் அளவுச் சங்கிலி போட்ட பையன்களைத் திட்டி அனுப்பியவர்.

அவர் டேப்பை வாங்கிச் சுருட்டினார்.

"நடக்க நடக்கத் தானா மட்டத்துக்கு வரும்," என்றார் டாக்டர். "ஆனா அம்மா இந்த அட்டையைப் போட்டு நடந்தா சாய்வு அப்படியே தங்கிடும். நடக்காமலே இருந்தாலும் தங்கிடும். சார் போன மாசமே அம்மா நடக்கக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனீங்க. இவரு அட்டையைக் குடுத்திருக்காரு. இன்னும் ரெண்டு மூணு மாசம் இப்படியே போயிருந்தா, அப்புறம் இதை நேராக்குறது கஷ்டம்."

செல்லப்பாக்கியம் கட்டிலில் படுத்தபடியே தலையைத் திருப்பினாள்.

"ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டீங்களா?"

"எனக்கு ஏன் சொல்லல?" என்றார் கனகசுந்தரம்.

"எதை?"

"அட்டையை."

"சொன்னா திரும்ப அளப்பீங்க."

தாதி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கனகசுந்தரத்துக்குக் காது சூடானது.

"நான் அளந்தா என்ன? உனக்காகத்தானே சண்டை போட்டேன்? அவன் குடுத்தா போட்டுக்குவே, நான் அளந்தா மறைப்பியா?"

"அளக்கும்போது வலிக்குதுன்னு சொன்னேன். அசையாதேன்னீங்க. திரும்பச் சொன்னேன். ரீடிங் தப்பிடும்னீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் கடைசி வரிசைக்குச் சொல்வது போலத் தெளிவாகச் சொன்னாள். "அவரு நல்லது செய்யல. அது இப்பத் தெரியுது. ஆனா குடுக்கும்போது எங்க வலிக்குதுன்னு கேட்டுட்டுக் குடுத்தாரு."

டாக்டர் கணினித் திரையைப் பார்த்து எதையோ தட்டச்சு செய்தார். தேவைக்கு அதிகமாகத் தட்டச்சு செய்தார்.

"பிசியோ பக்கம் போங்கம்மா. மஜீதா இருக்காங்க. வீட்ல செய்ய வேண்டியதைச் சொல்லித் தருவாங்க."

பிசியோ அறையில் பச்சை மெத்தை விரித்திருந்தது. மஜீதா சின்னப் பெண். தலையில் வெள்ளைத் துடோங், சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டியிருந்தாள். செல்லப்பாக்கியத்தை மெத்தைமேல் படுக்கவைத்து, இடுப்பின் இரண்டு பக்கமும் கையை வைத்து அழுத்தி, காலை மெல்ல இழுக்கச் சொன்னாள். செல்லப்பாக்கியத்தின் நெற்றி சுருங்கியது. மஜீதா உடனே நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள்.

"இது காலைல, சாயங்காலம் ரெண்டு வேளையும் செய்யணும் ஆன்ட்டி. வெறுங்கால்ல. தனியா செய்ய முடியாது, ஒருத்தர் இப்படிப் புடிச்சுக்கணும். ஒழுங்கா செஞ்சா சாய்வு போயிடும். விட்டுட்டா கஷ்டம். யாருக்குச் சொல்லித் தரட்டும்?"

"எனக்குத் தெரியும்மா," என்றார் சிவகணேசன். "எனக்கும் இதேதான் செஞ்சாங்க. காலைல நடந்துட்டு வரும்போது நானே—"

"என் பொண்டாட்டி இடுப்பை நீ புடிப்பியா?"

அந்த வாக்கியம் கனகசுந்தரத்தின் வாயிலிருந்து வந்தது. பக்கத்து மெத்தையில் முழங்காலை மடக்கிக்கொண்டிருந்த சீனக் கிழவர் நிறுத்திவிட்டுப் பார்த்தார். மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்த முகம்.

சிவகணேசனின் முகம் கழுத்துவரை சிவந்தது. கோபம் இல்லை. இந்த வயதில் இப்படி ஒன்றைக் கேட்க வேண்டியிருந்ததே என்ற கூச்சம். சட்டைப் பையைத் தொட்டுக் கார் சாவியைத் தேடினார். சாவி கையிலேயே இருந்தது.

"நான் வண்டியை வாசலுக்குக் கொண்டாறேன்," என்றார். "மெதுவா வாங்க. அவசரம் இல்ல, டீச்சர்."

டீச்சர்.

அவர் போனார். கதவு தானாக மூடிக்கொண்டது.

செல்லப்பாக்கியம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மஜீதா தன் நகங்களைப் பார்த்தாள்.

மூன்று மாதமாக எந்த இடத்துக்காக உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாரோ அந்த இடம் இப்போது காலியாகக் கிடந்தது. அதில் உட்காரப் போட்டியும் இல்லை. ஆனாலும் ஜெயித்த மாதிரி இல்லை. ஊரார் முன்னால் வேலியைப் பிடுங்கி அடுத்தவன் நிலத்தில் நட்டவன் மாதிரி இருந்தது.

"சொல்லிக் குடும்மா," என்றார் மஜீதாவிடம். குரல் அவருக்கே தாழ்வாகக் கேட்டது. "நான் புடிக்கிறேன்."

கைப் பொத்தானை அவிழ்த்துச் சட்டையை மடித்தார். சிரமப்பட்டு மெத்தையின் ஓரத்தில் மண்டியிட்டார். முட்டி உண்மையிலேயே வலித்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மஜீதா அவர் கைகளை எடுத்து எங்கே வைக்க வேண்டும் என்று காட்டப் போனாள்.

"இருங்க," என்றாள் செல்லப்பாக்கியம்.

அவர் கைகள் அவள் இடுப்புக்கு மேலே காற்றில் நின்றன.

அவள் கூரையிலிருந்து பார்வையை இறக்கி அவரைப் பார்த்தாள். நாற்பத்தொரு வருடத்தில் அவள் அவரிடம் கோபமாகக் கேட்டிருக்கிறாள், கெஞ்சிக் கேட்டிருக்கிறாள். பதில் தெரியாமல் கேட்டதில்லை. இப்போது தெரியாமல்தான் கேட்டாள்.

"வலிக்குது, விடுங்கன்னு நான் சொன்னா, அந்த நிமிஷமே கையை எடுப்பீங்களா?"